இலைப்பாவாடை

பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்த நேரத்திலிருந்து அது சடையப்பனை ஆட்டிக்கொண்டே இருந்தது. எழுந்து நிற்கலாமென்றால் முழங்கால் விடாது. முழங்கால் விட்டாலும் காஷ்மீர் தலையில் இடிக்கும். காஷ்மீர் ஒரு பாலிதீன் பை. அதை ஒட்டி பஞ்சாப், அதற்கப்புறம் கேரளா, ராஜஸ்தான், ஒரு பரதநாட்டியம், இரண்டு போலீஸ், ஒரு கிளி. எல்லாவற்றையும் பையில் போட்டு, பெயரெழுதி ஒட்டி, இரும்புக் கம்பியில் வரிசையாகக் கொக்கி மாட்டித் தொங்கவிட்டிருந்தான் வேஷ உடைக் கடைக்காரன் செல்வகணபதி. தேசத்தையே தூக்கில் போட்டுவிட்டான், வாடகைக்கு. அந்துருண்டை நாற்றம். அதற்கு அடியில், எவனெவன் பிள்ளையோ மேடையில் பயந்து வேர்த்த வேர்வை நாற்றம். துவைத்தாலும் போகாது அது. பயத்தின் வேர்வைக்கு ஒரு புளிப்பு உண்டு. மின்வாரிய வேலையில் முதல்முதலாகக் கரண்டு கம்பத்தின் உச்சிக்கு ஏறிய அன்று சடையப்பனின் சட்டையிலும் அது இருந்தது. கீழே பரோட்டாக் கடையில் எவனோ கொத்திக்கொண்டிருந்தான். டக்கடக்க டக்கடக்க. அந்தத் தாளத்துக்கு ஸ்டூல் ஆடியது. மருமகள் சுகுணா வரிசையின் கடைசிப் பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பையின்மேல் 'ட்ரைபல்' என்று எழுதியிருந்தது. பச்சையாக என்னவோ உள்ளே மடிந்து கிடந்தது. சடையப்பன் அதைப் பார்த்தார். பிறகு கிளியைப் பார்த்தார். கிளி பரவாயில்லை, கிளியாகவே இருந்தது.

பேத்தி தன்ஷிகா மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் வகுப்புக்கு மலைவாசி நடனம். போன வருஷம் மாறுவேடப் போட்டியில் ஒரு பையனைக் குறவன் என்று மையைப் பூசி, கழுத்தில் பாசிமணியைப் போட்டு, டப்பாவைக் கையில் கொடுத்துக் கையேந்த வைத்தார்கள். யாரோ ஒரு தாய் அதைப் படமெடுத்து ஊர் பார்க்கப் போட்டுவிட, பள்ளிக்கூடத்து மானம் காற்றில் பறந்தது. ஆகையால் இந்த வருஷம் மரியாதை. எல்லாத் தாய்மாருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: எந்த மக்களையும் இழிவு செய்யாத உடையாகப் பார்த்து எடுக்கவும், அந்த மக்களில் தெரிந்தவர் யாராவது இருந்தால் காட்டிக் கேட்டுக்கொள்ளவும். சுகுணா அதை வாசித்துவிட்டு, கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம மாமா இருக்காருல்ல!" பரணில் போட்டு மறந்த அண்டா விசேஷத்துக்கு அகப்பட்ட மாதிரி. கெட்டவள் அல்ல. அதுதான் தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். கொல்லிமலைக்காரன் மகன்தான் வேண்டுமென்று தன் வீட்டில் பட்டினி கிடந்து ஜெயித்தவள். மாமனாருக்கு மலச்சிக்கல் என்றால் ராத்திரியே விளக்கெண்ணெய் வாங்கிவரச் சொல்லிப் புருஷனை விரட்டுகிறவள். அவளைப் போய் என்ன சொல்வது.

"இதுலயே ரெண்டு மாடல் இருக்குதுங்க மேடம்," என்றான் செல்வகணபதி. "பழசு வேணாங்க. அதுல எலும்பு மாலை, மண்டையோடெல்லாம் வரும். இப்ப ஸ்கூல்காரங்க யாரும் எடுக்கறதில்ல. இது டீசன்ட் மாடலுங்க. எலும்ப எடுத்துட்டேன். உள்ளார தோல் கலர்ல ஃபுல் பனியன் குடுத்துருவேன், ஒடம்பு தெரியாது. ஈட்டி வேணும்னா வெச்சுக்கலாம், இல்லாட்டி விட்டுரலாம்." சுகுணா புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "ஈட்டி மரியாதையா இருக்குங்களா?" "மொனைய மழுங்கடிச்சிருக்கறனுங்க." அவள் திரும்பினாள். "மாமா, உங்க மலையில ஈட்டி வெச்சிருப்பாங்களா?" "ஏணி வெச்சிருப்பாங்க. மொளகு பறிக்க." "அது இல்லீங் மாமா, டான்ஸுக்கு." "ம்," என்றார் சடையப்பன். கடைக்காரன் நிமிர்ந்தான். "சார் மலைங்களா?" மேலும் கீழும் பார்த்தான். வெள்ளை வேட்டி, வெளிர்நீல டெரிக்காட்டன் சட்டை, சட்டைப்பையில் பேனா, கையில் குடை. எங்கேயோ எதையோ ஒளித்து வைத்திருக்கிற ஆளைப் பார்க்கிற பார்வை. வால் எங்கே என்று தேடுகிற பார்வை. "பாத்தா தெரியலீங்களே சார்!" பாராட்டுகிறான் பயல். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார். பார்த்தால் தெரியவில்லை. சம்பந்தி வீட்டுப் பந்தியில்கூட ஒரு பெரிய மனிதர் இலையில் ஜாங்கிரியை வைத்துக்கொண்டே இதைத்தான் சொன்னார். ஜாங்கிரியை விழுங்கியதுபோல இதையும் விழுங்கியாயிற்று. தொண்டையிலேதான் இன்னும் நிற்கிறது. "போட்டுப் பாத்துறலாங்க," என்று செல்வகணபதி பையைப் பிரித்து உதறினான். குழந்தை அதை வாரிக்கொண்டு மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஓடினாள். சுகுணாவும் பின்னாலேயே போனாள். "அளவு சரியா இருந்தா நீங்க பாத்து சரின்னு சொல்லிட்டீங்கன்னா போதுங் மாமா, மிஸ்ஸுக்குச் சொல்லிருவேன்." அவர் சரி என்று சொன்னால் போதும். அவர் பெயரைப் போட்டுச் சொல்லிவிடுவாள். மலைக்காரரே பார்த்துச் சரியென்று சொன்ன இலைப்பாவாடை.

சரியென்றால் என்ன சரி. அப்பா கட்டியது வேட்டி. முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, குளிர்காலத்தில் கறுப்புக் கம்பளி. சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிற நாளில் ஒரு சட்டை. அந்தச் சட்டையை முந்தின நாளே பித்தளைச் சொம்பில் நெருப்புத் துண்டுகளைப் போட்டு அம்மா தேய்த்து வைப்பாள். சாம்பல் ஒரு பொட்டு விழுந்தாலும் அப்பாவுக்குக் கோபம் வரும். இலையாம். இலையில் கஞ்சி குடித்தோம், கட்டிக்கொள்ளவில்லை. போய்ச் சேர்ந்த பெண்டாட்டி செல்லாயி மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் செல்வகணபதியின் கழுத்தில் கேரளாவைச் சுற்றியிருப்பாள். அவள் கல்யாணத்துக்குக் கட்டியது அரக்குக் கட்டம் போட்ட நூல் சேலை, கனம், நனைந்தால் தூக்க முடியாது. அதைப் பாதியாக மடித்துக் கட்டினால் குழந்தைக்குச் சரியாக இருக்கும். வீட்டில்தான் இருக்கிறது, பீரோவின் அடித்தட்டில், இலையும் வேண்டாம் கிலையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என நாக்கு புரண்டது. புரண்ட நாக்கு நின்றது. குளியலறை நீல வாளி ஞாபகம் வந்தது, சேலைதான் அந்த வாளியாகியிருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் வந்த அன்று சுகுணா பீரோவை ஒழித்தாள். கேட்டுவிட்டுத்தான் ஒழித்தாள். "மாமா, அத்தையோட பழைய சேலையெல்லாம் சும்மாதான கெடக்குது?" அன்றைக்கும் அவர் சொன்னது "ம்". இந்த "ம்" இருக்கிறதே, இதில்தான் பிழைப்பே ஓடியது. "நீ மலைக்காரன், உனக்குக் கம்பம் ஏறச் சொல்லியா குடுக்கணும்" என்று ஒவ்வொரு மழையிலும் அவரையே ஏற்றினார்கள். ம். லைன் இன்ஸ்பெக்டர் ஆனபோது "உங்களுக்கென்னப்பா, சர்டிபிகேட்டே ஏணி" என்றான் ஒருத்தன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்று பழகினவன் அவன். அவனுக்கும் ம். மகனும் அதையே கற்றுக்கொண்டான், இன்னும் நாசூக்காக. யாராவது ஊர் கேட்டால் நாமக்கல் பக்கம் என்பான். பொய்யில்லை. கொல்லிமலை நாமக்கல் பக்கம்தான். தலைக்குப் பக்கம் காது மாதிரி.

திரைக்குக் கீழே குழந்தையின் கால்கள் தெரிந்தன. ஒரு கால் தூக்கி, மறு கால் தூக்கி. பச்சை இலை ஒன்று அறுந்து தரையில் விழுந்து கிடந்தது. பிளாஸ்டிக்தான், ஆனால் எவனோ தெரிந்தவன் வெட்டியிருக்கிறான். நடு நரம்பும் அகலமும் பார்த்தால் பலா இலை. அதை ஏன் பார்த்தோம் என்று இருந்தது. பார்வையைக் கிளிக்குத் திருப்பினார். கிளிக்கும் பச்சை. பலா இலை, ஈர்க்கு, அடுப்புக்கரி, தேங்காயெண்ணெய். மலைமேல் அவர் சின்ன வயசில் படித்த அரசாங்க விடுதிப் பள்ளிக்கூடம். பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வருகிறார் என்று டிராயிங் வாத்தியார் பையன்களின் டவுசரைக் கழற்றச் சொல்லிக் கோவணத்தின்மேல் பலா இலையைக் கட்டினார். கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினார். பூசப் பூச அவருக்கே சிரிப்பு, ஏற்கெனவே இருந்த கறுப்பின்மேல் கறுப்பு ஒட்டவில்லை. பொம்மன் என்கிற பையன் துணிச்சல்காரன், கேட்டுவிட்டான்: "சார், நாங்க இப்புடிக் கட்டறதில்லைங்களே." வாத்தியார் திட்டவில்லை. நல்ல மனுஷன், பென்சில் வாங்கித் தருவார். "டேய், நீ கட்டறதக் கட்டினா மலைன்னு யாருக்குடா தெரியும்?" என்றார் தன்மையாக. பாட்டு வேண்டுமே என்றபோது சடையப்பன், நாற்று நடும்போது அம்மா பாடும் பாட்டைப் பாடிக் காட்டினார். அது தமிழாக இருந்தது. வேண்டாமென்றார்கள். ஜிம்பலே ஜிம்பா என்று வாத்தியாரே ஒன்று கட்டினார். எந்த மலையிலும் எவன் வாயிலும் இல்லாத சொல். அதைக் கத்திக்கொண்டு நெருப்பைச் சுற்றிக் குதித்தார்கள். அதிகாரி கைதட்டினார். கூட்டத்தில் அப்பா நின்றார். வாத்தியாருக்கென்று ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்தவர், தேய்த்த சட்டை, வெள்ளை வேட்டி, பழத்தைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மைதானத்தில் அப்பா அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் சடையப்பன் கரி முகத்தோடு போய் முன்னால் நின்றபோது அப்பா அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நல்லா ஆடுனீங்கடா! அனுமார் சேனைதான? வாலு எங்கடா?" ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இதுதான் நாம் என்று அப்பாவுக்குத் தெரியவே இல்லை. தெரிவதற்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் இல்லையே. இலை கட்டி, கரி பூசி, பல்லைக் காட்டிக் குதித்தால் அவருக்கு அது வானரம், இலங்கைக்குப் பாலம் கட்டப் போகிறது, வாலைத்தான் எங்கோ விட்டுவிட்டது. "கெடைக்கலப்பா," என்றார் சடையப்பன், ஒன்பது வயசோ பத்து வயசோ. "சொல்லியிருந்தா வைக்கோல்ல திரிச்சு நான் குடுத்திருப்பேனே, போடா." வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார், நம்ம பய குரங்கு வேசம் கட்டினான், அசல் குரங்கு தோத்துது. சாகிற வரைக்கும் விருந்தாளி வந்தால் சொல்வார். சொல்லும்போதெல்லாம் சடையப்பன் பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்பா அது குரங்கில்லை, நீதான். அப்பா அது நீ. நாக்கு நுனியில் வந்து வந்து நின்ற சொல். சொல்லவில்லை. அப்பாவின் சிரிப்புக்கு ஆயுசு முழுக்கக் காவல் இருந்தாயிற்று. காவல் இருக்க வேறு என்ன இருந்தது அந்த வீட்டில்.

டக்கடக்க டக்கடக்க. பரோட்டாக்காரனுக்குக் கை வலிக்காதோ. திரைக்குள்ளே சுகுணா, "அசையாத நில்லு, ஊக்கு குத்திரும்," என்றாள். "அம்மா, பனியன் கலரும் என் கை கலரும் ஒண்ணு! பாருங்களேன்!" சுகுணா அடுத்த ஊக்கை மாட்டினாள். குழந்தையின் குரல் திரையைத் தாண்டி வந்தது, உற்சாகமாக, ஊருக்கே கேட்கும்படி. "தாத்தா! உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? எல்லாருக்கும் மூஞ்சிக்குக் கலர் பூசுவாங்க. எனக்கு மட்டும் பூச வேண்டாமாம்! அதனாலதான் என்னய முன்னாடி நிறுத்தறாங்க. ஷர்மிளா மிஸ் சொன்னாங்க!" செல்வகணபதி சட்டென்று குனிந்து கிளியின் மூக்கைத் துடைத்தான். சடையப்பனுக்குக் கரண்டு பிடித்த மாதிரி இருந்தது. பிடித்தால் கை தானாக இறுகும், விட முடியாது, அதுதான் கரண்டின் குணம். குடைக்கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசை. அதற்கா முன்வரிசை. குழந்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளே, முன்வரிசை முன்வரிசை என்று. ஆட்டம் நன்றாக வருகிறது என்றுதான் நினைத்திருந்தார், ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வேறு வாங்கிக் கொடுத்தார். இப்போது என்ன சொல்வது. சரி என்றால் அவள் மேடையில் நிற்பாள், முன்னால், இலையோடு, பூசாத முகத்தோடு, கீழே முதல் வரிசையில் வேட்டி கட்டி அவர் உட்கார்ந்து கைதட்டுவார். வேண்டாமென்றால் அழுவாள். பிள்ளை அழுதால் அழட்டும், அழுகை சோற்றுக்குள் தீர்ந்துவிடும். ஏன் தாத்தா என்று கேட்பாளே, அது தீருமா? ஏன் என்று சொன்னால், சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கும் தெரிந்துவிடும், எங்கே நின்றாலும் பின்னால் திரும்பி வால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளும் புத்தி வந்துவிடும். அதோடு எழுபது வயசு வரைக்கும் இருக்கலாம், சாகாது. அவர் இருக்கிறாரே. சொல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே இருப்பாள், அப்பா மாதிரி. சரியென்று சொல்லிவிடு. ம் என்று சொல்லிவிடு. ஒரே எழுத்து, சொல்லிப் பழகின எழுத்து. ஸ்டூல் ஆடியது. சனியன் பிடித்த ஸ்டூல்.

திரை விலகியது. முதலில் ஈட்டி வந்தது, வெள்ளிக் காகிதம் சுற்றிய மழுங்கின ஈட்டி. அப்புறம் தலையில் கோழி இறகு. அப்புறம் அவள். இடுப்பில் பலா இலை சரசரக்க நாலடி ஓடி வந்து, ஈட்டியைத் தரையில் ஊன்றி, மார்பை நிமிர்த்தி நின்றாள். மூக்கு செல்லாயியின் மூக்கு. "தாத்தா, உங்கள மாதிரி இருக்கனா?" பரோட்டாச் சத்தம் நின்றிருந்தது. சுகுணா அவர் முகத்தையே பார்த்தாள், ஆசையோடு. செல்வகணபதி பார்த்தான். ம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது அவர் குரல் அல்ல. "வாலு எங்க?" என்றது அது.

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ தாத்தா! கொரங்குக்குத்தான வாலு? நான் மலைவாசி." "மலைவாசின்னா?" "மனுசங்க தாத்தா. மிஸ் சொன்னாங்க, அவங்களும் நம்மள மாதிரியே மனுசங்கதானாம். கேலி பண்ணக் கூடாதாம்." அவங்களும். நம்மள மாதிரி. சடையப்பன் அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி ஓடியது, நல்ல வேலி, பாடம் சொல்லிக் கொடுத்துக் கட்டிய வேலி. தாத்தா அந்தப் பக்கம், பேத்தி இந்தப் பக்கம். "கழட்டு," என்றார். "என்னங் மாமா?" "கழட்டச் சொல்லு அத." "மாமா, இது டீசன்ட்..." "சொன்னது காதுல விழலயா? கழட்டு!" கத்திவிட்டார். இத்தனை பெரிய குரல் தனக்கு இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. சுகுணாவின் கண் சிவந்தது. "நான் என்னங் மாமா தப்புப் பண்ணிட்டேன்? மரியாதையா இருக்கணும்னுதான உங்களயே கூட்டிட்டு வந்தேன்?" அதற்குப் பதில் இருந்தது, சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கடை பூட்டும் நேரத்துக்குள் முடியாது. செல்வகணபதிதான் தொண்டையைச் செருமினான். "கோவிச்சுக்காதீங்க சார். அப்ப மலைக்காரங்க என்னதான் சார் போடுவாங்க?" சடையப்பன் தன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "இது." அவன் காலரைப் பார்த்தான், யோசித்தான், வியாபாரி, உண்மையாகவே கவலைப்பட்டான். "இதப் போட்டா மேடையில மலைன்னு யாருக்குங்க சார் தெரியும்?" அதே கேள்வி. பென்சில் வாங்கித் தருகிற அதே தன்மை. "தெரிய வேண்டாம்," என்றார்.

சுகுணா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிஸ்ஸுக்குப் போன் போட்டாள். விரல் பட்டு ஸ்பீக்கரில் விழுந்தது, மிஸ் பேசியது எல்லோருக்கும் கேட்டது. "அப்படிங்களா மேம்? தாத்தாவுக்குக் கஷ்டமா இருக்குன்னா வேண்டவே வேண்டாம் மேம். அவங்க ஃபீலிங்ஸ்தான் நமக்கு முக்கியம். முன்னாடிக்கு வேற யாராச்சும் போட்டுக்கறேன், கலர் பூசிக்கலாம், பரவால்ல." சடையப்பன் மூச்சை விட்டார். ஒரு மூச்சுதான் விட்டிருப்பார். "தன்ஷிகா மரமா நிக்கட்டும் மேம். பின்னாடி ரெண்டு மரம் வேணும். டிரஸ்கூட மாத்த வேண்டாம், அதே இலைதான். தலையில மட்டும் கொஞ்சம் அதிகமா வெச்சுக்கங்க." செல்வகணபதியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, அவங்களே வழி சொல்லிட்டாங்க!" என்று கழற்றிப் போட்ட இலைப்பாவாடையை எடுத்து உதறி மடித்தான், தரையில் கிடந்த அறுந்த இலையையும் பொறுக்கி உள்ளே வைத்தான், ஈட்டியை எடுத்துக்கொண்டான், பையை நீட்டினான். சுகுணா குழந்தையின் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். யாரும் வாங்கவில்லை. சடையப்பன் வாங்கிக்கொண்டார்.

சுகுணா விடுவிடுவென்று படியிறங்கினாள். குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். வழக்கமாக அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வருவாள். பஸ் ஸ்டாப்பில் வெயில். குடையை விரித்துப் பிடித்தார், அவர்கள் குடைக்குள் வரவில்லை, குடையை மட்டும் அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் வலித்தது. மற்றக் கையில் பை, நடந்தால் சரசரத்தது, நின்றாலும் சரசரத்தது. ஜெயித்தாயா என்றால் ஜெயித்தாயிற்று. அவள் மேடையில் மலைக்காரி இல்லை. அப்பா கண்ணுக்கு நான் குரங்கு, என்னால் இவள் மரம், இதில் மனுஷன் வருவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு விழா வேண்டுமோ. வேறு பிள்ளை எவளோ ஒருத்தி முன்னால் நிற்பாள், மை பூசி, ஜிம்பலே ஜிம்பா. கூட்டம் கைதட்டும். அவள் தாத்தாவும் தட்டுவார், வலிக்காமல். பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அழுகை ஓய்ந்து விக்கல் மட்டும் இருந்தது. பிறகு விக்கலும் நின்றது. குடைக்குள் ஒரு சின்னத் தலை நுழைந்தது. என்னவோ யோசித்து முடித்த முகம், வெளிச்சம் திரும்பிவிட்ட முகம். சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா." அவர் குனிந்தார். "மரத்துக்கும் பிரவுன் கலர் பூசுவாங்கல்ல? அதுக்கும் எனக்கு மட்டும் பூச வேண்டாம். இல்லீங் தாத்தா?"

"ம்," என்றார் சடையப்பன்.